கணக்கில் வராத நாலு அங்குலம்

முதுகெலும்பு முறிந்த பிறகு எட்டு மாதத்தில் நான் என் வீட்டு வாசலைத் தாண்டியது பதினான்கு தடவை. பதினான்கு தடவையும் என்னைச் சக்கர நாற்காலியோடு சேர்த்துத் தூக்கித்தான் இறக்கினார்கள். முன்பக்கம் எதிர்வீட்டு ஆட்டோக்காரர், பின்பக்கம் என் வீட்டுக்காரர். "சாமி பொறப்பாடு ஆயிடுச்சு, கற்பூரம் காட்டுங்க" என்பேன். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவர்களிடம் சிரிப்பை எதிர்பார்த்தது என் தப்புதான்.

அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கு நான்தான் நர்சம்மா. காலையில் ஸ்கூட்டரில் திருத்தணியை விட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்புவேன். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்று என்னைக் கேட்டால் போதும், நோட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவராத அம்மாக்களை வீட்டு வாசலிலேயே நின்று திட்டியிருக்கிறேன். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் பின்கட்டு வழியாக ஓடிய ஆட்கள் உண்டு.

ஒரு நாள் சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் காய் உடைந்து மணி உதிரும். தனியாக அடிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் இது காலகாலமாக நடப்பது. நானும் நூறு தடவை அதன் மேல் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குச் சக்கரம் வழுக்கியது. அவ்வளவுதான். பரப்பியவர் மேல் கோபம் வருகிறதா என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேட்டார்கள். வரவில்லை. எதுவுமே வரவில்லை.

இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது என்பதை டாக்டர் சொல்வதற்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். நர்ஸ் இல்லையா. இடுப்புக்கு மேலேயும் அப்படித்தான் ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நாளானது. மகள் பெங்களூரிலிருந்து வந்து கட்டிப்பிடித்து அழுதபோது, இவளுக்கு முடி கொட்டுகிறதே, எண்ணெய் வைக்க மாட்டாளா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஊருக்குக் கிளம்பிய அன்றும் அதே நிலைதான். பஸ் பிடித்துவிட்டாளா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரையும் கூப்பிடாமல், யாரும் பின்னால் பிடிக்காமல், நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அந்த வாசலை விட்டு வெளியே போக வேண்டும். தெருமுனை வரைக்கும் போனால் போதும். வேறு எது கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"சாய்தளம் கட்டணும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். முப்பது வருடத் தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். அதனால் எங்கள் வீட்டில் அன்பாகப் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும்.

"இன்னா கட்டணும்?"

"சாய்தளம்யா! நாற்காலி எறங்கறதுக்கு!"

"ஆங். கட்டிடலாம்" என்றார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு டம்ளரைக் கழுவப் போனார். அந்தத் திருப்பலை நான் அப்போது கவனித்தேன்; அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

ஆடி மாதம் என்பதால் ஒரு மாதம் போயிற்று. ஆடியில் புது வேலை தொடங்கக் கூடாது என்பது ஒரு பக்கம். கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் ஊருக்குள் மணல் வண்டி நுழைய முடியாது என்பது இன்னொரு பக்கம். மலைக்கோயில் படிக்கட்டுக்கே பூசை போடுகிற ஊரில் படி வேண்டாம் என்கிறவள் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னல் வழியாக மைக் செட்டில் அரோகரா கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆவணியில் மேஸ்திரி வந்தார். பள்ளிப்பட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு நான்தான் எல்லா ஊசியும் போட்டேனாம். முகம் ஞாபகமில்லை. ஆனால் என்னைக் கண்டதும் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டதில் இருந்து, என்னிடம் திட்டு வாங்கிய ஆள்தான் என்று தெரிந்தது.

"இதுக்கு போய் இம்மாம் யோசிக்கறீங்களே நர்சம்மா. வண்டி ஏத்தறதுக்கு போடுவோமே, அதே மாதிரி படி மேல ஒரு ஸ்லோப்பு. ஒரே நாள் வேலை."

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கிறது. பைக்கை இரவில் உள்ளே ஏற்றுவதற்காகப் படியின் நடுவில் பூசிய ஒன்றரை அடி அகலச் சரிவு. பார்த்தாலே முழங்கால் வலிக்கும்.

"அதுல என்னிய உட்டா நேரா எதிர்வீட்டு ஆட்டோ மேல போய் உழுவேன். நாலு பேருக்கு செலவு வெக்காதீங்க. ஒரு இஞ்சு ஒயரத்துக்கு ஒரு அடி நீளம். கேட்டீங்களா? ஒண்ணுக்கு பன்னெண்டு. பிசியோதெரபி பொண்ணு எழுதிக் குடுத்திருக்கா, பாருங்க."

மேஸ்திரி சீட்டை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். பிறகு படிகளை அளந்தார். எங்கள் வீட்டுக்கு மூன்று படி. "லாபம், நஷ்டம், லாபம்" என்று எண்ணி, லாபத்தில் முடிகிறதா என்று பார்த்துக்கொண்டார். வீடு கட்டியபோதே எண்ணித்தான் கட்டியிருப்பார்கள். இருந்தாலும் எண்ணாமல் ஒரு மேஸ்திரியால் படியைப் பார்க்க முடியாது. படிக்கு ஏழு அங்குலம் வீதம் இருபத்தொன்று. அப்படியென்றால் இருபத்தோரு அடி நீளச் சாய்தளம்.

"இருவத்தொரு அடிக்கு எங்கங்க எடம்? ரோட்டுக்கே போயிடும்."

இடத்தை நான்தான் கண்டுபிடித்தேன். படுக்கையில் மல்லாந்து கிடந்த மாதங்களில் அந்த முன்வாசலை மனதுக்குள்ளேயே ஆயிரம் தடவை அளந்தாயிற்று. கேட்டில் தொடங்கி காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பதினோரு அடி ஏறுவது. மூலையில் நாற்காலி திரும்புகிற அளவுக்கு ஒரு சதுர மேடை. அங்கே திரும்பி இன்னும் பத்து அடி ஏறி, வாசக்கதவுக்கு முன்னால் இருக்கிற தளத்தில் சேர்வது. மல்லிக்கொடி போகும். ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம் போகும். பின்வாசல் வழியாகச் செய்யலாமே என்றால், அங்கே கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கை இடிக்கும்.

ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட்டேன். திருப்பத்து மேடை ஐந்துக்கு ஐந்து, கைப்பிடி உயரம் முப்பது அங்குலம், ஓரத்தில் சக்கரம் நழுவாமல் இரண்டு அங்குலத் தடுப்பு, மேல்பூச்சு வழுவழுப்பாக இல்லாமல் துடைப்பத்தால் கீறிய சொரசொரப்பு. மேஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டு, "இன்ஜினீயரே தேவலாம் போலக்கீதே" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை ஒன்பது நாள் நடந்தது. ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். செங்கல் கட்டி, உள்ளே மண் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கினார்கள். நூல் கட்டிச் சரிவைப் பார்த்தார்கள். ரசமட்டம் வைத்து மேடையைப் பார்த்தார்கள். நான் உள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். "அந்த மூலை ஏறிக்கினு கீது பாருங்க! மழை வந்தா தண்ணி அங்க நிக்கும்!" சித்தாள் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு இன்னா கண்ணு!" என்றாள். கான்கிரீட் போட்ட அன்று மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள், தூசி வரும் என்று.

அதன் பிறகு ஏழு நாள் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார் என் வீட்டுக்காரர். தறிக்குப் போவதற்கு முன் ஒரு தரம், மதியம் சாப்பிட வந்து ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம். முன்பெல்லாம் மதியச் சோறு கட்டிக்கொண்டு போகிற ஆள் அவர். எனக்கு அடிபட்டதில் இருந்து பஸ் பிடித்து மதியமும் வீட்டுக்கு வந்துவிடுவார். சுடுசோறு கேட்கிற வயசு போல என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் சாக்கை எடுத்தார்கள். மேஸ்திரி தேங்காய் உடைத்தார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர், அவர் மனைவி, சித்தாள் பெண் எல்லாரும் நின்றார்கள். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கூடத்தில் இருந்து நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசக்கதவுக்கு வந்தேன். முன்சக்கரம் டங்கென்று இடித்து நின்றது.

வாசக்காலின் கீழ்க்கட்டை. நிலைப்படி. தேக்கு. நாலு அங்குல உயரம். வெள்ளிக்கிழமை தவறாமல் முப்பது வருடம் நானே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த கட்டை.

மேஸ்திரி வாயைத் திறந்து மூடினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படியை எண்ணுகிறவர்கள் நிலைப்படியை எண்ண மாட்டார்கள். அதை மிதிக்கக் கூடாது, அதில் உட்காரக் கூடாது, அதன் மேல் நின்று எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது. அது வந்தால் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். நடக்கப் பழகும் குழந்தைக்கே முதலில் அதைத்தான் சொல்லித் தருகிறோம். அதற்கு உயரம் என்று ஒன்று இருப்பதாக எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. ஆயிரம் தடவை மனதுக்குள் வாசலை அளந்த எனக்கே தோன்றவில்லை. காலண்டர் படத்தில் தளத்தின் விளிம்பு வரைக்கும் அளவு போட்டுவிட்டு, அதற்கப்புறம் "வீடு" என்று எழுதியிருந்தேன்.

"அய்யய்யோ" என்றாள் ஆட்டோக்காரர் மனைவி.

அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. யாருக்கோ நடந்ததைப் போல அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து நாற்காலியின் பின்பக்கத்தை அமுக்கி, முன்சக்கரத்தைத் தூக்கி, அந்தப் பக்கம் இறக்கினார். அவரே பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் இறக்கி, கேட் வரை கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஓங்கி ஒரு அறை கொடுக்கலாமா என்று இருந்தது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

மறுநாளே அவர் மரக்கடையில் சொல்லி ஆப்பு மாதிரி இரண்டு சரிவுக் கட்டைகள் செய்துகொண்டு வந்தார். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வைத்தால் நாற்காலி ஏறியது. ஆனால் வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்தச் செங்குத்தில் பின்னால் இருந்து தள்ளவும் ஓர் ஆள் வேண்டும்.

"நான் கீறேன்ல. நீ சொல்லு, வெக்கறேன்."

"இருவத்தொரு அடி கட்டினது நீ என்னிய தள்றதுக்கா? அந்தக் கட்டைய அறுத்துடுய்யா."

"வாசக்கால்ல கை வெக்கறதா? வூட்டுக்கு ஆவாதும்மா."

"ஆவறதுக்கு இன்னும் இன்னா மிச்சம் கீது இந்த வூட்ல?"

கத்திய கத்தலில் ஆட்டோக்காரர் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, விட்டுப்போன பலகைகளை எடுக்க மேஸ்திரி வந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். ஜன்னல் வழியாக அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மேஸ்திரி, வாசக்கால அறுத்தா நெஜமாவே ஊடு உழுந்துடுமா?"

"ஆகாதுன்னு சொல்வாங்க நர்சம்மா. ஆனா உழாதுங்க. அடிக்கட்டை சும்மா கெடக்குது, பாரம் பூரா ரெண்டு பக்கக் கால்லதான்." தலையைச் சொறிந்தார். "கான்கிரீட் போட்ட அன்னிக்கு நூல் புடிக்கறப்பதாங்க என் கண்ணுல பட்டுது. அப்பவே சார்கிட்ட சொன்னேன். வெளித்தளத்த நாலு இஞ்சு ஒசத்தி, சரிவ நாலு அடி நீட்டினா கட்டைக்கு சமமா வந்துடும், அறுக்கவே வேணாம், உள்பக்கம் கொஞ்சம் பூசிக்கலாம்னு. சார்தான் பரவால்ல, அது அப்டியே இருக்கட்டும், அம்மாகிட்ட சொல்லாதன்னாரு. தேங்கா ஒடச்ச அன்னிக்கு சொல்லலாம்னு வாயி வரைக்கும் வந்துது. சாரு மொகத்த பாத்துட்டு சும்மா இருந்துட்டேன்."

பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே இருந்தேன்.

மதியம் என் வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கால் தானாகத் தூக்கிக்கொள்ள, நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"மேஸ்திரி வந்துட்டு போனாரு" என்றேன். கத்தவில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டது.

அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டார். என் காலுக்குப் பக்கத்தில். என் கால் மேல் கை வைத்தாரா என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வைத்திருந்தார்.

"நீ ஒண்டியா எங்கனா போய், ஏதனா பண்ணிக்குவியோன்னுதான்."

"நான் இன்னா பண்ணிக்குவேன்?"

"ஆபரேசன் ஆன நாலாம் நாளு சொன்னியே. 'ஒரு சக்கர நாற்காலி மட்டும் வாங்கிக் குடு. மீதிய நான் பாத்துக்கறேன். உனுக்கு ரொம்ப நாளு பாரமா இருக்க மாட்டேன்'னு."

"நானா?"

"ஆங். ரெண்டு வாட்டி சொன்ன. அதுலருந்து தறிய ஓட்டிகினு இருக்கறப்ப போன் அடிச்சா கை காலு ஆடிப் போவுது எனுக்கு. மத்தியானம் சோத்துக்கா வரேன் நானு? வூட்ல கீறியான்னு பாக்கத்தான் வரேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. மருந்து மயக்கத்தில் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை என்று சாதிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அது என் பேச்சு மாதிரியே இருந்தது. கோபப்பட வேண்டும். என்னை வீட்டுக்குள் பூட்டி வைத்தாயே என்று கேட்க வேண்டும். என் கால் மேல் இருந்த அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளிக்கி அறுத்துடறேன்" என்றார் அவரே.

"நாளிக்கி செவ்வாக்கெழம. புதன்ல அறு."

வாசக்கால் சாத்திரத்தை அத்தனை திட்டுத் திட்டியவள்தான் கிழமை பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

புதன்கிழமை அவரே ரம்பம் எடுத்து அறுத்தார். ஆளைக் கூப்பிடவில்லை. தேக்கு சீக்கிரம் அறுபடாது. ஒரு மணி நேரம் ஆயிற்று. பள்ளத்தில் சிமெண்ட் வைத்து மட்டம் பார்த்துப் பூசினார். தறிக்காரர் பூச்சு, மேடு பள்ளமாகத்தான் இருந்தது. காய்ந்த பிறகு சனிக்கிழமை மதியம், "போய்ட்டு வா" என்றார். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை.

சக்கரம் வாசலைத் தாண்டியது. மேடையில் திரும்பினேன். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். கேட்டைத் திறந்தேன். தெருவில் நல்ல வெயில். ஆட்டோக்காரர் மனைவி, "எங்கக்கா ஒண்டியா?" என்றாள். "சும்மாதான்" என்றேன். தெருமுனை வரைக்கும் போய் நின்றேன். அங்கிருந்து மலை தெரிந்தது, மெயின் ரோடு தெரிந்தது, ஆர்.கே.பேட்டை பஸ் திரும்பிப் போவது தெரிந்தது.

அவர் பயந்தது தப்பே இல்லை. மருந்து மயக்கத்தில் சொன்னதை மறந்தேன்; ஆனால் அதற்கப்புறம் எட்டு மாதமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தெருமுனை வரைக்கும் போவதைத்தான் நினைத்தேன். அங்கிருந்து திரும்பி வருவதை ஒரு நாள்கூட நினைத்ததில்லை. காலண்டரில் படம் போட்டபோதும் இறங்குவதற்குத்தான் போட்டேன். அதை இவரிடம் சொன்னதில்லை. எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. இந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்காமல் அதை என் முகத்தில் படித்திருக்கிறார். படித்துவிட்டும் ரம்பத்தை எடுத்து அறுத்திருக்கிறார்.

நாற்காலியைத் திருப்பினேன். ஏறுவது இறங்குவது மாதிரி இல்லை. முதல் பதினோரு அடியிலேயே தோள் கழன்றுவிடும் போல் இருந்தது. மேடையில் நின்று மூச்சு வாங்கினேன். அவர் வாசக்கதவில் நான் விட்டுப் போன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு அடி எடுத்து வைத்தார்.

"வராத. அங்கியே நில்லு" என்று கத்தினேன்.

நின்றார். மீதிப் பத்து அடியையும் ஏறி, வாசலைத் தாண்டி, அவர் முன்னால் போய் நின்றேன்.

"வந்துட்டியா?" என்றார்.

"ஆங். வந்துட்டேன்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. தலை மேல் கை வைத்தேன். தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது, அதை எடுத்துப் போட்டேன்.

"நாளிக்கும் போவேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.